வட்டு வந்ததும் தள்ளிவிடு

நவம்பரில் ஒருநாள் பனி அரங்கத்தின் வாசலில், வண்டிகள் நிற்கும் இடத்தில், என் கணவன் தேரோ பிள்ளைகளை எதிரெதிராக இரண்டு வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கொரு பச்சை முட்டையைக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் உள்ளே காபிக் கடையின் சன்னல் வழியாகப் பார்த்தேன். ஐஸ் ஹாக்கி அணியின் பெற்றோர் முறைவைத்து நடத்துகிற கடை அது. சாவியை வாங்கிக்கொள்ள யாரும் முன்வராததால் மூன்று வருடமாக என் முறையே நடந்துகொண்டிருக்கிறது. குழந்தைகள் வரிசையில் நிற்பதைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, அவை என் முட்டைகள் என்பதுதான். சனிக்கிழமை ஆட்டத்துக்கு சாக்லேட் கேக் செய்ய வாங்கி வைத்திருந்தேன்.

"வட்டைத் தடுக்கறது வேற, வாங்கிக்கறது வேற!" என்று தேரோ கத்தினான். "முட்டை மாதிரி நெனச்சுக்கோங்க. கையைப் பின்னால இழுத்துக்கிட்டே வாங்கணும். வாங்கினதும் எதிர்ல இருக்கறவங்களுக்குப் போடணும். யாரும் வச்சுக்கக் கூடாது!"

ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறான். அந்த வீடியோவில் முட்டையை வேகவைத்திருப்பார்கள் என்பது என் எண்ணம். இங்கே உடைந்த முட்டை வழிவதற்குக்கூட நேரமில்லாமல், விழுந்த இடத்திலேயே உறைந்தது. கையுறையில், தொப்பியில், ஒருவனுடைய காதில். ஓட்ஸோ என்கிற தடியன் மட்டும் தன் முட்டையை யாருக்கும் போடவில்லை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே தலைதெறிக்க ஓடினான். நான்கு பேர் துரத்தினார்கள். கடைசியில் முட்டையைக் கால்சட்டைப் பையில் பத்திரப்படுத்திவிட்டு அப்பாவின் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். அன்று மாலை பெற்றோரின் கைபேசிக் குழுவில் யார்க்கோ என்கிற அவன் அப்பா ஒரே வரி எழுதியிருந்தார்: "புது சீட்டில் முட்டை." அதற்கு இரண்டு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

உடையாமல் தப்பியது ஒரே ஒரு முட்டைதான். எங்கள் மகள் ஹில்லாவிடம் வந்து போன முட்டை அது. அவள் கையில் அது நிற்கவே இல்லை. வந்தது தெரியவில்லை, போனது தெரியவில்லை. "பாருங்க! ஹில்லாவைப் பாருங்க!" என்று தேரோ குதித்தான். ஒன்பது வயதுப் பெண்ணின் சாமர்த்தியத்தைப் பார்த்து எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

தேரோ கோச் ஆன கதையையும் சொல்லிவிட வேண்டும். ஆகஸ்டு மாதம் பெற்றோர் கூட்டம் நடந்தது. "இந்த வருஷம் கோச்சா யார் இருக்கீங்க?" என்று கிளப் செயலாளர் கேட்டார். அவ்வளவுதான், அறை அமைதியாகிவிட்டது. எல்லாரும் அவரவர் காலுறையைப் படித்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஊரில் இப்படியொரு கேள்விக்குப் பிறகு யார் முதலில் அசைகிறார்களோ அவர்கள் மாட்டிக்கொள்வார்கள். இருமக்கூடக் கூடாது. தேரோவுக்குப் பசி. தட்டிலிருந்த லவங்கப்பட்டை பன்னை எடுக்கக் கை நீட்டினான். "தேரோ! ரொம்ப நன்றி!" என்றார் யார்க்கோ. அறை முழுக்கக் கைதட்டல். வாயில் பன் இருந்ததால் இவனால் மறுக்க முடியவில்லை. வீடு வரும் வழியெல்லாம் அதை மென்றுகொண்டே வந்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வந்ததை அடுத்தவர் தலையில் கட்டுவதில் தேரோவை மிஞ்ச எங்கள் ஊரில் ஆளே கிடையாது. அவன் வேலையே அதுதான். நகராட்சியில் பனி வாரும் பிரிவில் தொலைபேசி எடுப்பவன். "அது அரசாங்க ரோடுங்க, எங்க எல்லை ஆஸ்பத்திரி முக்கோட முடியுது" என்பான். அரசாங்கத்திடம் கேட்டால் எல்லை அதற்கு முந்தின முக்கோடு முடிகிறது என்பார்கள். நடுவில் இருக்கும் தெருவில் ஏப்ரல் மாத வெயில்தான் பனியை எடுக்கும். வீட்டிலும் இதே கதை. அவன் அம்மா அழைத்தால், அவர் ஊரான கயானியில் எவ்வளவு குளிர் என்று கேட்டுக்கொண்டு, "இதோ மின்னா பேசணுமாம்" என்று போனை என் கையில் திணித்துவிடுவான். ஆகவே பிள்ளைகளுக்குப் பாஸ் பண்ணச் சொல்லித்தர வேறு யாரைத் தேட வேண்டும்?

அக்டோபரில் அந்தப் பிள்ளைகள் ஆடியதைப் பார்த்திருக்க வேண்டும். கடைத் திறப்பு விழாவில் இலவச பிளாஸ்டிக் வாளிக்கு எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எப்படி முண்டுவார்களோ, அப்படி அந்தக் கறுப்பு ரப்பர் வட்டைச் சுற்றி எல்லாரும் ஒரே குவியலாக முண்டுவார்கள். குவியல் மெதுவாக அரங்கத்தைச் சுற்றி நகரும். நடுவிலிருந்து ஓட்ஸோ பிய்த்துக்கொண்டு வெளியே வருவான், நேராகப் போவான், சுவரில் மோதுவான். மேலே பெற்றோர் வரிசையிலிருந்து "அடிடா!" என்ற சத்தம் கேட்கும். அவன் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தாலும் "அடிடா!"தான்.

தேரோ ஒரு சட்டம் போட்டான். வட்டு மட்டைக்கு வந்தால் ஒரு மூச்சுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வாங்கு, தலையைத் தூக்கு, தள்ளிவிடு. நண்பன் நிற்கும் இடத்துக்கு அல்ல, அவன் வரப்போகும் இடத்துக்கு. வட்டு வேண்டும் என்றால் வாயால் கத்தக் கூடாது, மட்டையால் பனியைத் தட்ட வேண்டும். முதல் வாரம் எல்லாரும் எல்லா நேரமும் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அரங்கத்துக்குக் கூரை வேய்வது போல ஒரே சத்தம். ஆனால் சனவரிக்குள் நடந்தேவிட்டது. வட்டு ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போனது. யார்க்கோகூடக் காபி வாங்க வந்தபோது, "உன் வீட்டுக்காரன் பரவாயில்ல போலிருக்கே" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது. ஓட்ஸோ மட்டும் முட்டையை வைத்திருந்ததுபோல வட்டையும் வைத்துக்கொண்டான்.

ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும், அன்று நன்றாக முயன்ற ஒரு பிள்ளைக்கு நீலக் குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பி கொடுப்பது வழக்கம். அடுத்த ஆட்டம் வரை அதைப் போட்டுக்கொண்டு அலையலாம். எந்தப் பிள்ளையும் வருத்தப்படக் கூடாது என்பதால் அது ஒழுங்காகச் சுற்றி வரும். யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. ஆனால் ஹில்லாவுக்கு அது இரண்டாவது முறை வந்தது. சொந்த மகளுக்குக் கோச் தொப்பி கொடுக்கிறான், எந்தப் பெற்றோரும் முணுமுணுக்கவில்லை. அப்படிப் பாஸ் பண்ணினாள். வட்டு அவளிடம் வந்த வேகத்திலேயே இன்னொருவரிடம் இருக்கும். தொப்பியை வாங்கிக்கொண்டவள் அதைப் போடாமல் பைக்குள் வைத்தாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். தாய்க்கு எதுவும் நல்லதாகத்தான் தெரியும்.

நான் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். பிப்ரவரியில் ஒருநாள் மதியத்துக்கு மேல் நோயாளி யாரும் வரவில்லை, சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். வண்டியை விட்டு இறங்கியதும் விறகுக் கொட்டகைப் பக்கம் 'டம்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி 'டம்'. எட்டிப் பார்த்தால் ஹில்லா. பள்ளிப் பையைப் பனியில் எறிந்துவிட்டு, கொட்டகைக் கதவைக் கோலாக வைத்து அடித்துக்கொண்டிருக்கிறாள். கதவெல்லாம் கறுப்புத் தழும்பு. கண்ட இடத்தில் இல்லை. மேலே இடது மூலையில் ஒரு கூட்டம், வலது மூலையில் ஒரு கூட்டம், நடுவில் சுத்தமாக ஒன்றுமில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடம்பைச் சாய்த்து, மணிக்கட்டைச் சுழற்றி, இன்னொன்றை மேல் மூலையில் வைத்தாள். வருடம் முழுக்க ஆட்டத்தில் ஒரு கோல் அடிக்காத பெண்!

"ஹில்லா!" என்றேன்.

திருடி மாட்டிக்கொண்டவள் போல விழித்தாள். "சும்மா" என்றாள். மட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலை சவ்னாவில், வீட்டு நீராவிக் குளியல் அறையில், கேட்டேன். எங்கள் ஊரில் கேட்க வேண்டியதைச் சவ்னாவில்தான் கேட்பார்கள். இருட்டு, சூடு, முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. சூடான கல்லில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினேன், அது சீறி அடங்கும்வரை காத்திருந்தேன்.

"இவ்ளோ நல்லா அடிக்கறே. ஆட்டத்துல ஏன் அடிக்கறதே இல்ல?"

"ஆட்டத்துல பாஸ் பண்ணணும்."

"கோலுக்கு முன்னால நிக்கும்போதுமா?"

இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

"எனக்கு வட்டு எங்கிட்ட இருக்கறது பிடிக்கலம்மா," என்றாள். "எங்கிட்ட வந்ததும் அப்பா மூச்சைப் பிடிச்சுக்கறாரு."

"என்னது?"

"ஆமாம்மா. பெஞ்சுல நிப்பாரில்ல, இப்படி." இருட்டில் அவள் தோளைக் காதுவரை தூக்கிக் காட்டினாள். "நான் பாஸ் பண்ணினாத்தான் விடறாரு. நான் வச்சுக்கிட்டே இருந்தா அவரு என்னம்மா பண்ணுவாரு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மருத்துவமனை நாற்காலியில் படுப்பவர்கள் எப்போது மூச்சைப் பிடிக்கிறார்கள் என்று முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்லிவிடுவேன் நான். என் வீட்டில் ஒருவன் பிடித்துக்கொண்டிருந்தது தெரியவில்லை. இந்தப் பெண் குளிர்காலம் முழுக்க அப்பனை உயிரோடு வைத்திருப்பதற்காகப் பாஸ் பண்ணியிருக்கிறாள். நாங்கள் அதற்குத் தொப்பி கொடுத்திருக்கிறோம்.

"சனிக்கிழமைதான் கடைசி ஆட்டம். அதோட விட்டுடறேம்மா. பாட்டு கிளாஸ்ல சேர்ந்துக்கறேன்."

"உனக்குப் பாட்டுப் பிடிக்குமா?"

"பிடிக்காது. ஆனா அங்க எல்லாரும் ஒண்ணாத்தானே பாடுவாங்க."

"அப்பாகிட்ட நீயே சொல்லிடேன்" என்றேன்.

"நீ சொல்லும்மா" என்றாள். என்ன குடும்பம் இது என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. சொல்கிறேன் என்றேன்.

தேரோ சமையலறையில், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தப் பொத்தான்களை வைத்துச் சனிக்கிழமை ஆட்டத்தைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தான். ஸ்டிராபெரி காந்தம்தான் ஹில்லா.

"ஹில்லாவைப் பத்திப் பேசணும்."

"கோச்சாவா, அப்பாவாவா?"

"யாரு வீட்ல இருக்காங்களோ அவங்ககிட்ட."

சொன்னேன். அவன் ஒரு காந்தத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டான். முடித்ததும், "அப்ப யார்க்கோகிட்ட சொல்லிடறேன். சனிக்கிழமை அவரு கோச்சா நிக்கட்டும்" என்றான்.

"தேரோ."

"இல்லன்னா கிளப் செயலாளர்கிட்ட..."

"தேரோ, இது அரசாங்க ரோடு இல்ல. நம்ம வீட்டு வாசல்."

சட்டைக் கையைப் பிடித்துக் கொட்டகைக்கு இழுத்துப் போனேன். கைவிளக்கை அடித்துக் காட்டினேன். அவன் கையுறையைக் கழற்றிவிட்டு, மேல் மூலையிலிருந்த தழும்புகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினான்.

"இதெல்லாம் இவ அடிச்சதா?"

"ஆமா."

"எனக்குத் தெரியாமயா?"

"உனக்குத் தெரியாததாலதான்."

பிறகு கதவைப் பார்த்தே சொன்னான்: "அவ தப்பா அடிச்சா எனக்கு ஒண்ணுமில்ல, மின்னா. சத்தியமா. தப்பாப் போனதும் அவ முகம் ஒரு மாதிரி ஆகும் பாரு, அதைத்தான் என்னால பார்க்க முடியல. அது வரப்போகுது வரப்போகுதுன்னு..." தோள் காதுவரை ஏறிவிட்டது. "பாரு, இப்பவே பிடிக்கறேன்."

அந்த நிமிடம் அவன்மேல் எனக்கு இருந்த அன்பை அளந்து சொல்ல முடியாது. இருந்தாலும், "சனிக்கிழமைக்குள்ள மூச்சு விடக் கத்துக்கோ" என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை அக்கரை ஊர் அணி வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள். அவர்களுடைய கடையில் கேக்கை வாங்கி வந்து விற்பார்கள், அதை வைத்தே மற்றதைத் தெரிந்துகொள்ளலாம். இந்த வயதுப் பிள்ளைகள் ஆட்டத்தில் கோல் கணக்கு வைக்கக் கூடாது என்பது விதி. கணக்குப் பலகையின் விளக்கை அணைத்துவிடுவார்கள். பிள்ளைகள் மகிழ்ச்சிக்காக ஆட வேண்டும் என்று சுவரில் எழுதியே இருக்கிறது. அதனால் யாரும் கணக்கு வைப்பதில்லை. யார்க்கோ மட்டும் எங்கள் கோலுக்கு என் கடைச் சர்க்கரைக் கட்டி ஒன்றை வலது பையிலும், அவர்கள் கோலுக்கு ஒன்றை இடது பையிலும் போட்டுக்கொண்டிருந்தார். சமநிலை என்பது அரங்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

என் கடைக்குப் பனியைப் பார்த்த இன்னொரு சன்னலும் உண்டு; அதற்கு நேர் முன்னால் எங்கள் அணியின் பெஞ்சு. அங்கே தேரோ நின்றுகொண்டிருந்தான். வாய் நிறைய உப்பு மிட்டாய். மென்றுகொண்டிருந்தால் மூச்சைப் பிடிக்க முடியாது என்று எவனோ சொல்லியிருக்கிறான். இவனால் முடிந்தது. ஹில்லாவிடம் வட்டு வந்தபோதெல்லாம் தாடை நின்றது, தோள் ஏறியது. அவள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு உடனே தள்ளிவிட்டாள். பிறகு வாயைக் குவித்து உஸ் உஸ்ஸென்று காற்றை ஊதிப் பார்த்தான். பெஞ்சுக் கதவைத் திறந்து மூடும் வேலையில் இருந்த யார்க்கோ திரும்பிப் பார்த்தார்.

"என்னய்யா, பிரசவ வலியா?"

"கிட்டத்தட்ட" என்றான் தேரோ.

கடைசி நிமிடங்கள். ஓட்ஸோ வழக்கம்போல் வட்டைக் கவர்ந்துகொண்டு தனியாகக் கிளம்பினான். அக்கரைக் கோல் கீப்பர், உருளைக்கிழங்கு மூட்டை போன்ற ஒரு பையன், வலையை விட்டு வெளியே வந்து அவன்மேலேயே விழுந்தான். இருவரும் கட்டிப் புரண்டு சுவர் வரை சறுக்கிக்கொண்டு போனார்கள். விழுகிற வேகத்தில் ஓட்ஸோவின் மட்டை வட்டைத் தட்டிவிட்டது. அவன் வாழ்க்கையிலேயே முதல் பாஸ். அவனுக்கே தெரியாமல் போட்டது. நேராக ஹில்லாவிடம் வந்தது. வட்டு முட்டையாக இருந்திருந்தால் உடைந்திருக்காது, அவ்வளவு மெதுவாக வாங்கினாள்.

முன்னால் வலை. வலையில் யாருமில்லை.

உடனே எங்கள் பிள்ளைகள் எல்லாரும் பின்னாலிருந்து மட்டையால் பனியைத் தட்ட ஆரம்பித்தார்கள். கற்றுக்கொடுத்த பாடம் அப்படி. டக் டக் டக் டக். விழுந்து கிடந்த ஓட்ஸோகூடப் படுத்தபடி தட்டினான். ஹில்லா வட்டை வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு மூச்சு போயிற்று. இன்னொன்று போயிற்று. தலையைத் திருப்பி பெஞ்சைப் பார்த்தாள்.

தேரோ அவளுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

எப்போது திரும்பினான் என்று நான் பார்க்கவில்லை. ஆட்டம் நடக்கும்போது பனிக்கு முதுகைக் காட்டி நிற்கும் கோச்சை எங்கள் ஊரில் யாரும் கண்டதில்லை. "என்னய்யா பண்றே, அங்க பாருய்யா!" என்று யார்க்கோ அவன் தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தார். அவன் பெஞ்சுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையவில்லை. தோள் கீழே இருந்தது. மார்பு ஏறி இறங்குவது அவள் நிற்கும் இடம்வரை தெரிய வேண்டும் என்பதுபோல, முதுகு முழுக்க அகல மூச்சு விட்டான்.

பனியில் என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டுமே. பெற்றோர் வரிசையில் முகம் முகமாகத் தேடினான். தேடி என்ன பயன்? எங்கள் ஊர்க்காரர்கள் வீடு எரிந்தாலும் முகத்தில் காட்ட மாட்டார்கள். எல்லாரும் பேருந்துக்குக் காத்திருப்பது போல நின்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் அவன் கண் என் சன்னலில் வந்து நின்றது. என்ன, என்ன ஆச்சு என்று என் முகத்தையே கேட்டது.

நான் காபிக் குடுவையைச் சாய்த்துப் பிடித்திருந்தேன். கோப்பையை நீட்டி நின்றவர் அக்கரைக் கோல் கீப்பரின் தாத்தா. அவரும் பாதி உடம்பைத் திருப்பி பனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தேரோவின் தோளுக்கு மேலே எனக்கு ஹில்லா தெரிந்தாள். அவள் அந்த முதுகைப் பார்த்தாள். மட்டைகள் தட்டிக்கொண்டே இருந்தன. பிறகு அவள் வலைப் பக்கம் திரும்பி, கொட்டகைக் கதவுக்கு முன்னால் செய்ததுபோல உடம்பைச் சாய்த்தாள்.

காபி கோப்பையில் நிறைந்து, தட்டில் நிறைந்து, மரப்பலகையில் ஓடி, தாத்தாவின் கையுறைக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. போதும் என்று அவரும் சொல்லவில்லை.